பெயர் பொறித்த வெள்ளியா, பெயரில்லாச் சிலுவையா?

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு இராணுவப் பதக்கம் சேர்க்கிறேன் என்று சொன்னால் கேட்பவர் முகம் சுருங்கும். அதில் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. "பாதிரிமாருக்குக் கொடுத்த பதக்கம்" என்று சேர்த்துச் சொன்னால் கொஞ்சம் இளகும். துவக்குத் தூக்காமல் படையோடு போய், காயப்பட்டவனுக்குத் தண்ணி கொடுத்து, செத்தவனைப் புதைத்து, அவன் வீட்டுக்குக் கடிதம் எழுதியவர்களின் பதக்கங்கள் அவை. பிரித்தானியப் படையின் குருமார் பதக்கங்களைத்தான் நான் தேடுகிறேன். நம் கைக்கு எட்டும் தூரத்தில் வருபவை மூன்று வகை: முதலாம் உலகப் போரின் சோடி, இரண்டாம் உலகப் போரின் தொகுதி, மிலிட்டரி குரொஸ் என்ற வீர விருது சேர்ந்த தொகுதி. வீரத்துக்கான அதியுயர் விருதான விக்டோரியா குரொஸ் பற்றிப் பேசிப் பயனில்லை. முதலாம் போரில் அதைப் பெற்ற படைக் குருமார் மூன்றே பேர்: மெல்லிஷ், அடிசன், ஹார்டி.

முதலாம் போர்ச் சோடி என்பது வெள்ளியில் ஒன்று, வெண்கலத்தில் ஒன்று. வெள்ளிப் பதக்கத்தின் ஒரு பக்கம் ஐந்தாம் ஜோர்ஜ், மறுபக்கம் குதிரையில் உடுதுணியில்லாத ஒரு வீரன். அதை அங்கிக்கு மேல் குத்திக்கொண்டு பூசைக்குப் போன குருவானவர் என்ன நினைத்திருப்பாரோ! வெண்கலத்தில் சிறகு விரித்த வெற்றித் தேவதை, நாடாவில் இரண்டு வானவில். வெள்ளிப் பதக்கம் சுமார் அறுபத்தைந்து இலட்சம் வரை வழங்கப்பட்டது. ஆகவே அது அபூர்வம் அல்ல. அதன் மதிப்பெல்லாம் விளிம்பில் இருக்கிறது.

இந்தச் சோடியில், பெற்றவரின் பெயரை அரசாங்கமே விளிம்பில் அச்சுக்குத்தி அனுப்பியது. சிப்பாய் என்றால் எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் இருக்கும். அதிகாரி என்றால் பெரும்பாலும் பதவியும் பெயரும் மட்டும். அந்த அதிகாரி எந்தப் படைப்பிரிவு என்று தேடித் தலையை உடைக்க வேண்டும். குருமாருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பதவி இருக்கும் இடத்தில் 'ரெவ்.', அதாவது ரெவரெண்ட், என்று நிற்கும். அந்தச் சின்னச் சொல்லே பிரிவையும் சொல்லிவிடுகிறது. அப்புறம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்கப் பதிவு அட்டையை இணையத்தில் காசு கட்டி எடுத்து, பெயரோடு ஒத்துப் பார்க்கலாம். எந்தப் போர்முனைக்கு எப்போது போனார் என்பது அதில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இன்னொன்று, சிப்பாய்க்குப் பதக்கம் தானாக வந்தது. அதிகாரிகளும் குருமாரும் கேட்டு எழுத வேண்டியிருந்தது. எழுதாமலே விட்டவர்களும் உண்டு. விலை சாதாரண சிப்பாயின் சோடியை விடக் கூட, ஆனால் மாதச் சம்பளக்காரன் மூச்சைப் பிடித்து வாங்கக் கூடியதுதான்.

இதில் இரண்டு பொறி உண்டு. ஒன்று, பழைய பெயரை அரத்தால் உராய்ந்துவிட்டு 'ரெவ்.' என்று புதிதாகக் குத்துவது. விட்டம் 36 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். வேர்னியர் இடுக்கியால் நாலு திசையிலும் அளந்து பாருங்கள், உராய்ந்த பதக்கம் மெலிந்திருக்கும். வாங்குவதற்கு முன்னால் விற்பவரிடம் அந்த அளவுகளைப் படத்தோடு கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் விட்டுவிடுங்கள். மற்றது, பெயர். முதலெழுத்து ஒன்றும் ஜோன்ஸ் என்ற குடும்பப் பெயரும் மட்டும் இருந்தால் அதே பெயரில் எத்தனை குருமார் அட்டைகள் வரும் என்று சொல்ல முடியாது. மூன்று முதலெழுத்தும் அரிதான குடும்பப் பெயரும் உள்ளவரை எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, இரண்டாம் போர்த் தொகுதிக்கு வருவோம். மனசு இழுப்பது இங்கேதான். 1942 ஏப்ரல் 9இல் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் ஜப்பானிய விமானங்களின் குண்டுபட்டு மூழ்கியது எங்கள் கரைக்கு அப்பால்தான். சுழியோடிகள் இப்போதும் அதைப் பார்க்கப் போகிறார்கள். அந்தப் போர் எங்கள் கடலுக்கே வந்த போர். ஆகவே பேர்மாப் போர்முனைக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கமான 'பேர்மா ஸ்டார்' என்று விளம்பரத்தில் கண்டாலே கை துறுதுறுக்கும். அழகிலும் குறைவில்லை. '1939–45 ஸ்டார்' நாடாவில் கடற்படைக்குக் கருநீலம், தரைப்படைக்குச் சிவப்பு, விமானப்படைக்கு வெளிர்நீலம், மூன்றும் ஒரே அகலம்.

ஆனால் பிரித்தானியா இந்தப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா பொறித்தன, பிரித்தானியா வெறுமனே பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்பியது. ஆகவே ஒரு நட்சத்திரம் குருவானவருடையதா, குசினிக்காரருடையதா என்று அந்த உலோகம் ஒருநாளும் வாய் திறக்காது. காகிதம்தான் பேச வேண்டும்.

அதை நான் காசு கொடுத்துப் படித்தேன். முதன்முதலில் வாங்கியது "படைக் குருவானவரின் நான்கு பதக்கங்கள், அசல் பெட்டியுடன்" என்று வந்த ஒரு தொகுதி. தபாற்கந்தோரில் சுங்கத் தீர்வை கட்டி, பிள்ளையைத் தூக்குவது போல வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். பெட்டியில் ஒட்டிய தாளில் ஒரு ரெவரெண்டின் பெயரும் விலாசமும் உண்மையிலேயே இருந்தன. உள்ளே இருந்த துண்டுச் சீட்டோடு ஒத்துப் பார்த்தால் நாலு பதக்கத்தில் மூன்றுதான் சரி. நாலாவதாக இருந்தது ஆபிரிக்கா ஸ்டார். சீட்டில் ஆபிரிக்காவே இல்லை. யாரோ வெறும் பெட்டி ஒன்றை வாங்கி, கையில் கிடந்ததை அதில் நிரப்பியிருக்கிறார்கள். விற்றவருக்கு எழுதினேன். "பெட்டி அசல்தானே" என்று பதில் வந்தது. அது உண்மைதான், பெட்டி அசல்.

ஆகவே இந்த வகையை வாங்குவதென்றால் பதக்கத்தை விட்டுவிட்டுக் காகிதத்தை வாங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளப் புத்தகம், நியமனக் கடிதம், சீருடையில் நாடாக்கள் தெரியும் படம், இவற்றில் குறைந்தது இரண்டு வேண்டும். பார் ஒன்றில், அதாவது பதக்கங்களை வரிசையாக மாட்டும் ஊசிச் சட்டத்தில், தைத்துக் கட்டிய தொகுதி என்றால் கூடுதல் நம்பிக்கை. அங்கிலிக்கன் குருமார் போரில் இறந்தோர் நினைவு நாளில் கறுப்புத் தோள்சால்வையில் பதக்கம் குத்துவது வழக்கம். ஐம்பது வருடம் அப்படிக் குத்தி எடுத்த பாரின் பின்துணியில் ஊசித்துளை தெரியும். அதைப் போலியாகச் செய்ய எவனும் மினக்கெடுவதில்லை.

மிலிட்டரி குரொஸ் மூன்றிலும் உயர்ந்தது, விலையிலும்தான். 1914 டிசம்பர் கடைசியில் ஏற்படுத்தப்பட்டது. வெள்ளிச் சிலுவை, வெள்ளை நாடாவின் நடுவே ஊதா. அந்நாளில் அது கப்டன் தரத்துக்கும் அதற்குக் கீழும் உள்ள அதிகாரிகளுக்கானதாக இருந்தது. நான்காம் தரப் படைக் குருவானவர் கப்டனுக்குச் சமம் என்பதால் முன்னரங்கில் நின்ற பலருக்குக் கிடைத்தது. இத்தனை பெருமை இருந்தும் ஐந்தாம் ஜோர்ஜ் காலத்துச் சிலுவை பெயரில்லாமலே வழங்கப்பட்டது. பின்னால் பெயர் இருந்தால் பெற்றவரோ வீட்டாரோ வெட்டுவித்தது. விற்பவர் வெட்டுவித்ததாகவும் இருக்கலாம். லண்டன் கசற் என்ற அரசாங்க வர்த்தமானியில் அவருக்கு விருது கிடைத்ததை நிரூபிக்கலாம். உங்கள் கையில் இருப்பது அந்தச் சிலுவைதான் என்பதை நிரூபிக்க முடியாது. ஆறாம் ஜோர்ஜ் காலத்துச் சிலுவையில் பின்புறக் கீழ்க்கரத்தில் வருடம் வெட்டியிருப்பதால் கசற்றோடு பொருத்திப் பார்க்க அதுவாவது கிடைக்கும். இந்த விலைக்கு, பெயர் பொறித்த சோடியும் கூடவே வந்தாலொழிய நான் கை வைக்க மாட்டேன்.

பராமரிப்பில் மூன்றுக்கும் எதிரி ஒன்றே, நம்மூர் உப்புக் காற்று. வெள்ளி கறுக்கும், அது போகட்டும். வெண்கலத்தில்தான் பச்சைக் களிம்பு பூக்கும். மலிவான பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் கெதியாய்ப் பூக்கும். பருத்தித் துணியில் சுற்றி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக்கமான தகரத்தில் வையுங்கள். துலக்கவே வேண்டாம். எங்கள் பெரியம்மா என் வெண்கலப் பதக்கத்தைக் கண்டதும், "குடு மனே, புளி போட்டுத் தேய்ச்சுத் தாறன், மறுகா பார் பளபளப்பை" என்று கையை நீட்டினார். விளிம்பில் இருந்த பெயரை டோர்ச் வெளிச்சத்தில் வாசித்துக் காட்டியபிறகுதான் கையை இழுத்தார். "ஓ, போதகர்ட சாமானா" என்றார்.

அந்தச் சோடிதான் கடைசியில் நான் வாங்கியது. முழுச் சோடி என்று நினைத்துத்தான் வாங்கினேன். அட்டையை எடுத்துப் பார்த்தால் அவர் 1915இலேயே பிரான்சுக்குப் போயிருக்கிறார். அப்படியென்றால் '1914–15 ஸ்டார்' ஒன்றும் அவருக்கு வழங்கப்பட்டிருக்கிறது. யாரோ எப்போதோ பிரித்து விற்றுவிட்டார்கள். அந்த நட்சத்திரத்தின் பின்புறத்திலும் இதே 'ரெவ்.', இதே மூன்று முதலெழுத்து, இதே பெயர் குத்தியிருக்கும். ஒவ்வொரு ஏலப் பட்டியல் வரும்போதும் அந்தப் பெயரைத்தான் முதலில் தேடுகிறேன்.