180 ரூபாய் ட்ரெட் கேஜ்: எட்டு மாதம் வைத்துப் பார்த்த பிறகு

காங்கேயம், வெள்ளக்கோயில், தாராபுரம் என்று கொப்பரை வேலையாக வாரத்தில் ஐந்து நாள் என் வேகன்ஆர் ஓடுகிறது. நின்று பார்த்தால் முன் டயர் இரண்டிலும் பட்டன், அதாவது ரப்பர் மேடுகள், நன்றாகவே தெரிந்தது. நேர் ரோட்டில் ஸ்டியரிங் மட்டும் லேசாகக் கோணி நின்றது. அந்தச் சந்தேகத்தில்தான் டயர் பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் இந்த டிஜிட்டல் கேஜை ஆன்லைனில் வாங்கினேன்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்து வெளி, நடு, உள் என மூன்று பள்ளத்திலும் அளந்தேன். இடது டயரில் 5.1, 4.9, 2.2 மில்லிமீட்டர். வலதிலும் உள்பக்கம் 2.5தான். வயிற்றைக் கலக்கிவிட்டது. 1.6 வந்தால் டயரை மாற்றியே ஆக வேண்டும், மழையில் பிடிமானம் அதற்கு முன்பே குறைந்துவிடும். வீட்டில் பிள்ளைகளும் இந்த வண்டியில்தான் வருகிறார்கள்.

நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு என்று விட்டிருப்பேன். இது இரண்டிலும் உள் ஓரம். பட்டன்மேல் கையை வெளிப்பக்கமாக ஓட்டினால் வழவழவென்று போகிறது, உள்பக்கமாக இழுத்தால் ரம்பம்போல் பிடிக்கிறது. சக்கரங்கள் முன்னால் விரிந்து ஓடுகின்றன என்று அர்த்தம்.

உறுதி செய்ய, கொப்பரைக் களத்துச் சிமெண்டுத் தரையில் வண்டியை நேராக நிறுத்தினோம். இரண்டு முன் டயரின் பின்புறத்திலும் சாக்பீஸில் கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு டேப் பிடித்தோம். வண்டியை அரைச் சுற்று உருட்டி, அதே கோடுகள் முன்னால் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளந்தோம். "ஏனுங் மாப்ள, முன்னாடி 6 மில்லி சாஸ்தியா இருக்குதுங்களே" என்றார் மச்சான்.

சில மாதம் முன்புதான் ஒரு கடையில் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தை மெஷினில் சரிசெய்வது, பார்த்திருந்தேன். இந்த முறை வேறு மெக்கானிக் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை இடவலமாக ஆட்டியதும் டக் டக்கென்றது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு லூஸ். அதைப் பார்க்காமல் மெஷினில் ஏற்றி என்ன பயன்? அன்று கொடுத்த காசு வீண் என்பதைவிட, அதை நம்பி ஓட்டினேனே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

சரி, கேஜின் குறைகள். தானாக அணைவதில்லை, இதுவரை இரண்டு பட்டன் பேட்டரி போய்விட்டது. ஒவ்வொரு முறையும் கண்ணாடிமேல் வைத்து பூஜ்யம் அழுத்த வேண்டும். பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் தேய்மான மேட்டில் ஊசி உட்கார்ந்தால் அளவு குறைத்துக் காட்டும், கொஞ்சம் தள்ளி வையுங்கள். மற்றபடி திருப்தி.

எண்டு மாற்றி, முன்னால் புது டயர் இரண்டு போட்டு, அலைன்மெண்ட் செய்து 9,000 கிலோமீட்டர் ஆகிறது. நேற்று அளந்தபோது உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 0.2.