லிங்கிச் செட்டித் தெருவுக்கு அம்மாவோடு

அம்மாவுக்கு 78 வயது. டொராண்டோவில் என்னோடு இருக்க வந்து 19 வருடமாகிறது. முழங்கால் போன பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "லிங்கிச் செட்டித் தெருவை ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்டி." அங்கேதான் ஒரு முற்றத்து வீட்டின் பின்கட்டில், ஆறு குடித்தனங்களில் ஒன்றாக, அவர் பிறந்து வளர்ந்தார். கடந்த தை மாதம் போய்வந்தோம். வயதானவர்களை அழைத்துக்கொண்டு வடசென்னைப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் தங்குமிடம். தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கலாமே என்று மண்ணடியில் ஒரு லாட்ஜில் கனடாவிலிருந்தே அறை எடுத்திருந்தேன். இரவு பதினொரு மணிக்குப் போய் நின்றால், வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டா, அறை கிடையாது என்றுவிட்டார்கள். வெளிநாட்டுக் குடிமக்களைத் தங்கவைத்தால் அவர்கள் விவரத்தை அரசுக்குப் படிவத்தில் பதிய வேண்டும். சின்ன லாட்ஜ்கள் பல அந்த வேலைக்கே போவதில்லை. சட்டம் இருப்பது சரி. பணம் வாங்கும்போதே அதைச் சொல்லியிருக்கலாம். பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தை நான் மறக்கமாட்டேன். முன்கூட்டியே போன் செய்து, பாஸ்போர்ட் எந்த நாட்டினுடையது என்று சொல்லி, பதில் வாங்கிக்கொண்டு அறை எடுங்கள். நாங்கள் கடைசியில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கினோம்.

அதுவும் நல்லதாகப் போயிற்று, மெட்ரோவால். விமான நிலையத்தில் ஏறினால் மாறாமல் மண்ணடியிலேயே இறங்கலாம். 2019 பிப்ரவரியில் வந்த சுரங்கப் பாதை இது. அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டு நிலைய ஊழியர் ஒரு பெண், கேட்காமலேயே லிஃப்ட் வரைக்கும் கூட வந்தார். "பாத்து வாங்கம்மா, அவசரமே இல்ல" என்றார். நாங்கள் போனது ஞாயிறு. மற்ற நாட்களில் மீன்பாடி வண்டிகளுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் நடுவே கைத்தடியோடு நடக்க முடியாது. ஞாயிறு காலையில் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், தெரு தெருவாகத் தெரியும்.

லிங்கிச் செட்டித் தெருவில் அம்மாவின் வீடு இல்லை. அந்த இடத்தில் நாலு மாடி, கீழே பம்பு செட் கடை. அம்மா அழவில்லை. எதிர்ச்சாரியில் நின்று, "இங்கதான் திண்ணை" என்று காற்றில் கையால் அளந்து காட்டினார்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னோடு தங்கிவிட்டது. "இந்த லிங்கிச் செட்டி யாரு, தெரியுமா ஒனக்கு?" அங்கேயே பிறந்தவர் கேட்கிறார். லிங்கிச் செட்டி, தம்புச் செட்டி, சுங்குராமச் செட்டி எல்லாரும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி கொள்முதல் செய்துகொடுத்த 18ஆம் நூற்றாண்டு வணிகர்கள். அவர்களுக்கும் முன்னால், 1639இல் இந்தக் கரையில் கம்பெனிக்கு இடம் கிடைக்கப் பேச்சு நடத்திய துபாஷி, அதாவது மொழிபெயர்த்து இடைநின்று பேசுகிறவர், பேரி திம்மப்பா. 1707இல் வலங்கை, இடங்கை என்ற இரு சாதிப் பிரிவுகளின் சண்டை முற்றியபோது, பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையாருக்கு, முத்தியாலுப்பேட்டை இடங்கையாருக்கு என்று ஊரையே பிரித்தார்கள். அம்மா விளையாடிய தெரு முத்தியாலுப்பேட்டைப் பக்கம். பெயர்ப்பலகையில் தெருப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய ஆளைப் பற்றி நாங்கள் நடந்த தெருக்களில் ஒரு வரிகூட இல்லை. நாலு வரியில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகும்? எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

பக்கத்து அரண்மனைக்காரத் தெருவில் அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மேனியக்காரர் தெரு நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. 1772இல் ஆர்மேனியர்கள் கட்டிய மாதா கோயிலின் மணிக்கூண்டில் ஆறு மணிகள்; ஞாயிறு காலை அவை அடிக்கும்போது தெரு முனையிலேயே கேட்டது. "சின்ன வயசுல இதக் கேட்டுத்தான் ஞாயித்துக்கிழமைன்னு தெரியும்" என்றார் அம்மா. முற்றத்தில் கல்லறைகளின் மேலேயே நடைபாதை. உலகின் முதல் ஆர்மேனிய இதழான அஸ்தரார் 1794இல் இந்தச் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோனியன் இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். காவலாளி அம்மாவுக்கு நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். அந்தச் சமூகத்தார் அநேகமாக எல்லாருமே போய்விட்டார்கள். ஆனால் அவர்களில் ஒருவரான பெத்ரூஸ் உஸ்கான் பரங்கிமலைக்குப் போட்ட படிகளில் இன்றைக்கும் சனம் ஏறிக்கொண்டிருக்கிறது.

அங்கிருந்துதான் ஆட்டோவில் பட்டணம் கோயிலுக்குப் போனோம். சென்ன கேசவரும் சென்ன மல்லீசுவரரும் அடுத்தடுத்து இருக்கிற இரட்டைக் கோயில். பழைய கோயில் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் 1746இல் ஊரைப் பிடித்த பிறகு, கோட்டையை ஒட்டி வீடுகளே இருக்கக்கூடாது என்று, இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்தார்கள். கோயிலும் 1757இல் ஆங்கிலேயர் கையால் போயிற்று. கவர்னர் பிகாட்டின் துபாஷி மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் தன் பங்காக 5,202 வராகன் கொடுத்து, ஊரார் பணமும் சேர்ந்து, 1780இல் இந்த இரண்டும் எழுந்தன.

வழியில் பச்சையப்பன் மண்டபத்தை ஆட்டோவிலிருந்தே காட்டினேன். நடைபாதைக் கடைகளுக்குப் பின்னால் கிரேக்கத் தூண்கள். பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். தருமத்துக்கு என்று எழுதிவைத்த சொத்து வழக்கில் கிடந்து, 1842இல்தான் அதிலிருந்து பள்ளி பிறந்தது. என் தாத்தா அங்கே படித்தவர், சம்பளச் சலுகையில். அவர் குடியிருந்த வீட்டுக்கு ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. அவரைப் படிக்கவைத்த பணம் வேறு யாரையோ இன்னும் படிக்கவைக்கிறது.

ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். நாங்கள் சுற்றிய மூன்று மணி நேரத்தில் வயதான பெண் ஒருவர் போகக்கூடிய கழிப்பறை மெட்ரோ நிலையத்தில் மட்டும்தான் கண்ணில் பட்டது. அம்மா அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கோயிலில் அம்மா தன் அம்மா பெயரில் நன்கொடை எழுதினார். ரசீது போடுகிற பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "அட்ரஸ் சொல்லுங்க பாட்டி" என்றான். நான் டொராண்டோ விலாசத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, லிங்கிச் செட்டித் தெருவின் பழைய கதவு எண்ணைச் சொன்னார். அவன் அப்படியே அடித்து, ரசீதை அவர் கையில் கொடுத்தான்.