ஸ்டோரில் ஜெயித்தது, எம்-புக்கில் தோற்றது: எங்கள் அலுவலக இ.ஆர்.பி.

டெமோ பார்த்துவிட்டுச் சொல்லும் கருத்து வேறு, கணக்கு முடிக்கும் சில மார்ச் 31-களைத் தாண்டியபின் சொல்வது வேறு. சென்னையில் தலைமையகம் உள்ள ஓர் அரசு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கொள்முதல், ஸ்டோர், கணக்கு, சம்பளம், சிவில் வேலைகள் எல்லாம் ஒரே இ.ஆர்.பி.க்குள், அதாவது எல்லாப் பிரிவுகளையும் இணைக்கும் ஒரே மென்பொருளுக்குள், வந்து வருஷங்கள் ஆகின்றன. மென்பொருளும் பயிற்சியும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அது இல்லாமல் ஸ்டோர் ஒரு நாள் ஓடாது, சிவில் பிரிவிலோ அது வெறும் டைப்பிங் வேலை. ஸ்டோரில் லெட்ஜரை மூடினார்கள், சிவிலில் மூடவில்லை. எனக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

பழைய லெட்ஜர்களில் 'ஒரு இன்ச் ஜி.ஐ. பெண்ட்', 'பெண்ட் ஜி.ஐ. 25 எம்.எம்.', 'வளைவுக் குழாய் 25' என்று ஒரே சாமானுக்கு ஆளுக்கொரு பெயர். அம்பத்தூர் கிடங்கில் அது மூட்டையாகக் கிடக்கும். தண்டையார்பேட்டைக்காரர் அவசர இண்டென்ட் (தேவைச் சீட்டு) போட்டுப் புதிதாக வாங்குவார். எக்ஸெல்லை அப்படியே ஏற்றிவிடலாம் என்றார்கள் மென்பொருள் கம்பெனிப் பிள்ளைகள். ஏற்றியிருந்தால் லெட்ஜர் குப்பை கணினிக்குக் குடிபோயிருக்கும். ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு ஸ்டோர் கீப்பர்தான் ரேக் ரேக்காக நின்று, சாமானைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதுவும் அதுவும் ஒண்ணுதான் சார், இந்தக் கோட் நம்பரை அடிச்சிடுங்க" என்று சொல்லிச் சொல்லிப் பட்டியலைச் சுருக்கினார். கன்சல்டன்ட் பில்லில் அவருக்கு ஒரு பைசா கிடையாது. இருப்பை எண்ணி முடித்ததும் லெட்ஜரின் கடைசிப் பக்கத்தில் அதிகாரி கையெழுத்துப் போட்டு மூடினார். அன்று முதல் கணினிச் சீட்டு இல்லாமல் கேட்டைத் தாண்டி எதுவும் போனதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழைத் தண்ணீர் கிடங்குக்குள் புகுந்தபோது, நனைந்தது எது, அதன் விலை என்ன என்று இன்ஷூரன்ஸ் சர்வேயருக்குப் பட்டியல் எடுக்க லெட்ஜரைக் காயவைக்க வேண்டியிருக்கவில்லை.

கணக்குப் பிரிவுக்கும் லாபம்தான். பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, பில் மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் பில் நகராது. 2018 அக்டோபர் 1 முதல், இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் எங்களைப் போன்ற அரசு நிறுவனங்கள் பில் தொகையிலிருந்தே 2 சதவீதம் ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். (முன்கூட்டிய வரிப் பிடித்தம்) பிடிக்க வேண்டும். பிடிக்க மறந்து பிறகு வெண்டார் பின்னால் அலைவது நின்றது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முன்பு பில் யார் டிராயரில் தூங்குகிறது என்பது அந்த டிராயருக்கே வெளிச்சம். இப்போது யார் பெயரில் எத்தனை நாளாக நிற்கிறது என்று எம்.டி. திரையிலேயே தெரிகிறது. ஆரம்பத்தில் அதிக எதிர்ப்பு இந்த ஒரு திரைக்குத்தான். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சிவில் பிரிவு வேறு உலகம். சைட்டில் ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) டேப் பிடித்து, முடிந்த வேலையை அளந்து, எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். மேலதிகாரி அதைச் சரிபார்க்கச் செக் மெஷர்மென்ட் செய்து கையெழுத்திடுகிறார். பக்க எண் போட்ட அந்தப் புத்தகம்தான் ஆடிட்டுக்கு மூல ஆவணம். சாயங்காலம் அதே அளவுகளை டேட்டா என்ட்ரி தம்பி ஒருவர் கணினியில் அடிக்கிறார். புத்தகத்தில் 12.60, திரையில் 12.06 என்று விழுந்தால் கான்ட்ராக்டர் பில் திரும்பும், எல்லாரும் மறுபடி புத்தகத்தைப் புரட்டுவார்கள். வேலை இரண்டு மடங்கானதுதான் மிச்சம். மத்தியப் பொதுப்பணித் துறை கணினி அளவுப் புத்தகத்தை ஏற்கிறது, நாமும் ஏற்கலாம் என்று கோப்பு போட்டோம். அந்தக் கோப்பு காகிதத்தில்தான் மாடி மாடியாக ஏறிக்கொண்டிருக்கிறது.

திரையில் ஒப்புதல் கொடுக்க அதிகாரி செருகும், பென்டிரைவ் போன்ற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்? பாதி நேரம் அது அதிகாரியிடம் இல்லை. அவருடைய பி.ஏ. மேஜையில், பாஸ்வேர்டு எழுதிய சீட்டோடு இருக்கிறது.

"நம்ம நடைமுறைக்குத் தகுந்த மாதிரி மென்பொருளை மாத்துங்க" என்று எல்லா மீட்டிங்கிலும் ஒரு குரல் வரும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மாநகராட்சி 2022 ஏப்ரலில் ஆரக்கிள் நிறுவனத்தின் இ.ஆர்.பி.க்கு மாறியபோது அப்படித்தான் செய்தது. தன் பழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட வங்கிக் கணக்குச் சரிபார்ப்புப் பகுதி ஒழுங்காக ஓடவில்லை, கணக்கை முடிக்க முடியாமல் திணறினார்கள். சுமார் 2 கோடி பவுண்டில் முடியும் என்று நினைத்த செலவு 10 கோடியைத் தாண்டிவிட்டது. அப்படி மாற்றிக்கொள்ள எங்களிடம் காசு இல்லை. அதனால் தப்பித்தோம் என்றே நினைக்கிறேன்.

இப்போது அடுத்த வெர்ஷனுக்குப் பேச்சு நடக்கிறது. டெண்டர் போடுமுன் ஒவ்வொரு பிரிவும் எந்தப் பதிவேட்டை எந்தத் தேதியில் மூடும், அந்த உத்தரவில் யார் கையெழுத்திடுவார் என்று எழுதிக் கொடுக்கட்டும் என்று கேட்டேன். நிர்வாகம் ஒப்புக்கொண்டது. சம்பளப் பிரிவு ஊழியர்களின் பணிப்பதிவேட்டுக்குத் தேதி கொடுத்துவிட்டது. சிவிலிலிருந்து இன்னும் வரவில்லை.