மலைச்சரிவில் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் கணக்கு: எக்செல்லா, நோடு மென்பொருளா, வரைபட மென்பொருளா?

குன்னூரில் ஒரு ஹோட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவில் படிபடியாக மூன்று பிளாக். எல்லாவற்றுக்கும் மேலே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி. தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்களில் ஒவ்வொரு பிளாக்கிலும் மிக உயரத்தில் இருப்பதை எடுத்தால், அவை தொட்டியிலிருந்து 8, 22, 36 மீட்டர் கீழே இருக்கின்றன. ஒரு மீட்டர் இறக்கத்துக்கு 0.098 பார். ஆக மேல் பிளாக்குக்கு 0.78 பார், நடுவில் 2.16, கீழே 3.53. பைப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடுவதற்கு முன்பே பாதி விடையை மலை எழுதிவிட்டது.

இந்த எண்களைக் கணக்குக்குள் கொண்டுபோகிற இடம்தான் திட்டத் தரவுப் பக்கம். அலகு, தரநிலை, ஆபத்து வகை, நீர் அடர்த்தி (தரையில் நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. தண்ணீர் விழ வேண்டும் என்பது), பரப்பு (ஒரே நேரத்தில் ஸ்பிரிங்க்ளர்கள் திறப்பதாக எடுத்துக்கொள்ளும் இடம்), பைப் அட்டவணை, லெவல், நீர் ஆதாரம் எல்லாம் அங்கே. நீலகிரியில் இந்த வேலையை நான் மூன்று விதமாகச் செய்திருக்கிறேன்: சொந்த எக்செல் தாளில், ஹைட்ராகால்க், எலைட் ஃபயர் போல நோடு நோடாக, அதாவது பைப்புகள் சேரும் ஒவ்வொரு புள்ளிக்கும், தரவு கேட்கும் மென்பொருளில், ஆட்டோஸ்பிரிங்க் போல முப்பரிமாண வரைபடத்திலிருந்தே கணக்கை எடுக்கும் மென்பொருளில். மூன்றையும் இந்த முதல் பக்கத்தை வைத்து மட்டுமே எடைபோடுகிறேன். ஏனென்றால் பைப்பின் உராய்வு இழப்பைத் தரும் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தை மூன்றுமே சரியாகத்தான் போடும்.

முதலில் லெவல். இந்த ஊரில் பெரிய வேறுபாடு இங்கேதான் வருகிறது. சர்வேயர் தரும் படத்தில் கடல் மட்டத்திலிருந்து 1,850 மீட்டரை ஒட்டிய எண்கள் இருக்கும். கட்டட வரைபடத்திலோ ஒவ்வொரு பிளாக்கின் தரைத்தளமும் பூஜ்யம். எந்த இடத்தைப் பூஜ்யமாக வைத்தாலும் கணக்கு சரியாக வரும், உயர வித்தியாசம் மட்டும்தானே தேவை; ஆனால் எல்லாவற்றுக்கும் அதே பூஜ்யம் இருக்க வேண்டும். கலந்தால்தான் ஆபத்து. ஒரு வேலையில் மூன்று பிளாக்கின் கோப்புகளையும் வரைபட மென்பொருளில் அப்படியே ஏற்றிவிட்டேன். மூன்றும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்துவிட்டன. தொட்டியை மட்டும் கீழ் பிளாக்கிலிருந்து அளந்து வைத்திருந்தேன். மேல் பிளாக்குக்கும் 3.5 பார் கிடைப்பதாக அறிக்கை வந்தது, உண்மையில் 0.8 கூட இல்லை. படம் அழகாக இருந்ததால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. சைட்டில் மேஸ்திரிதான் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், மூணு பிளாக்குக்கும் ஜீரோன்னு போட்டிருக்கே, எந்த ஜீரோ சார்?"

நோடு மென்பொருளில் இந்தத் தவறு நடப்பது கடினம். ஒவ்வொரு நோடுக்கும் உயரத்தை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் கை எண்ணைத் தட்டும்போது கண் அதைப் பார்க்கிறது. நான் தொட்டியின் அடிமட்டத்தைப் பூஜ்யமாக வைத்து, மற்ற எல்லாவற்றையும் மைனஸில் எழுதுகிறேன். ஒரு பிளஸ் தென்பட்டாலே தவறு என்று தெரிந்துவிடும். எக்செல்லிலும் இதைச் செய்யலாம்தான், ஆனால் நடுவில் ஒரு வரியைச் செருகினால் சூத்திரம் வேறு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் என்ற பயம் எனக்குப் போகவே இல்லை.

அடுத்து பைப் அட்டவணை. வெளிநாட்டு மென்பொருள்கள் பெரும்பாலும் ஷெட்யூல் 10, ஷெட்யூல் 40 என்ற அமெரிக்கப் பைப் தடிமன் அட்டவணைகளோடு வருகின்றன. நம் கடையில் கிடைப்பது இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1239 பைப், பி கிளாஸ் அல்லது சி கிளாஸ். 25 மி.மீ. பைப்பை எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் வெளிவிட்டம் ஒன்றே, ஏறத்தாழ 33.7 மி.மீ. சுவர்த் தடிமன் பி கிளாஸில் 3.2, சி கிளாஸில் 4. உள்விட்டம் 27.3, 25.7 என்று ஆகிறது. வெறும் 1.6 மி.மீ. வித்தியாசம். ஆனால் உராய்வு இழப்பு விட்டத்தின் 4.87 மடியில் மாறுவதால், சி கிளாஸில் இழப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இதில் எக்செல் வெல்கிறது. உள்விட்டத்தை நானே எழுதுகிறேன், எங்கிருந்து வந்த எண் என்பது கண்முன்னே இருக்கிறது. மற்ற இரண்டிலும் சொந்த அட்டவணையைச் சேர்த்தாக வேண்டும். நோடு மென்பொருளில் அதற்கு அரைமணி நேரம் ஆகிறது. வரைபட மென்பொருளில் ஃபிட்டிங் உட்பட எல்லாம் அந்த அட்டவணையோடு பிணைந்திருப்பதால் எனக்கு இரண்டு நாள் போனது.

ஆபத்து வகையும் பரப்பும் வரும்போது கதை மாறுகிறது. அமெரிக்க ஸ்பிரிங்க்ளர் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 13 படி ஹோட்டல் அறை குறைந்த ஆபத்து வகை: நிமிடத்துக்கு 4.1 மி.மீ., 139 சதுர மீட்டர். சமையலறையும் சலவையறையும் சாதாரண ஆபத்தின் முதல் வகுப்பு: 6.1 மி.மீ. இதை யாரும் தவறவிடுவதில்லை. தவறுவது நம் பழைய பங்களாக்களின் சரிவுக் கூரையில். உட்கூரை ஆறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றத்தைவிடச் செங்குத்தாக இருந்தால் பரப்பை 30 சதவீதம் கூட்ட வேண்டும், 139 என்பது 181 ஆகிவிடும். ஊட்டிப் பக்கம் காந்தல், தலைகுந்தாவில் உறைபனி விழும் காலையை நினைத்துப் பாருங்கள். 4 டிகிரிக்குக் கீழே போகக்கூடிய இடத்தில் தண்ணீர் நிறைந்த பைப்பை அப்படியே வைக்க முடியாது. தீ வரும்வரை பைப்பில் காற்றை மட்டும் வைத்திருக்கும் உலர் முறைக்குப் போனால் இன்னொரு 30 சதவீதம், மொத்தம் 235 சதுர மீட்டர். போதாததற்குக் கறுப்பு இரும்புக் குழாயின் வழவழப்பைக் காட்டும் ஹேசன்-வில்லியம்ஸ் எண்ணும் 120-இலிருந்து 100-க்கு இறங்கி, உராய்வு இழப்பு 40 சதவீதம் ஏறும். நான் வைத்திருக்கும் நோடு மென்பொருளில் முறை, கூரைச் சரிவு இரண்டுக்கும் தனிக் கட்டங்கள் உண்டு. என் எக்செல் தாளில் நினைவுதான் காவல்.

குறைந்தபட்ச அழுத்தமும் அப்படித்தான். 12 சதுர மீட்டருக்கு ஒரு ஸ்பிரிங்க்ளர், கே எண் (1 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஓடும் லிட்டர்) 80 என்றால் தேவை நிமிடத்துக்கு 49 லிட்டர், அழுத்தம் 0.38 பார். ஆனால் 0.5 பாருக்குக் கீழே போகக் கூடாது, ஆக உண்மையில் 56.6 லிட்டர் ஓடும். மென்பொருள் இரண்டுமே இதைத் தானாகப் பிடித்துக்கொள்கின்றன.

நீர் ஆதாரம். பல மென்பொருள்கள் இங்கே மூன்று எண் கேட்கும்: ஓட்டமில்லா அழுத்தம், ஓடும்போது மிஞ்சும் அழுத்தம், ஓட்ட அளவு. நகரத் தெருவில் குழாய்ச் சோதனை செய்து எழுதும் வழக்கத்துக்கான கட்டம் அது. நமக்குத் தெருக்குழாய் இல்லை, தொட்டிதான். அதனால் தொட்டியையே ஒரு நோடாக வைத்து, அங்கிருந்து இறங்கும் பைப்பையும் கணக்கில் சேர்த்துவிடுகிறேன். அப்படிச் செய்ததும் குன்னூர் ஹோட்டலின் விடை தெளிவானது. நடு, கீழ் பிளாக்குகள் பம்ப் இல்லாமலே ஓடும். மேல் பிளாக்கில் 0.5 பார் போக மிஞ்சுவது 0.28, அது உராய்வுக்கே போதாது. அந்த ஒரு பிளாக்குக்கு மட்டும் பம்ப், அதுவும் தொட்டிப் பக்கத்திலேயே.

டீசல் பம்ப் என்றால் இன்னொன்று. தீயணைப்புப் பம்புக்கான தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 20 கணக்கில் கடல் மட்டத்திலிருந்து 91 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 305 மீட்டருக்கும் எஞ்சின் திறனில் 3 சதவீதம் கழிக்க வேண்டும். குன்னூரில் ஏறத்தாழ 17, ஊட்டியில் 21 சதவீதம். நான் வேலை செய்த மூன்று வழியிலும் இதற்கென்று கட்டம் இல்லை, திட்டக் குறிப்பில் எழுதிவைக்கிறேன்.

என் தேர்வு நோடு மென்பொருள், சரிவில் நிற்கும் மூன்று நான்கு பிளாக் வேலைகளுக்குத் தயக்கமே இல்லாமல். ஒரே பெரிய கட்டடம், அடிக்கடி மாறும் வரைபடம் என்றால் வரைபட மென்பொருள் உழைப்பை மிச்சப்படுத்தும். ஆனால் எல்லாக் கோப்புகளின் லெவலையும் சர்வேயர் படத்தோடு ஒருமுறை பொருத்திய பிறகுதான் ஏற்ற வேண்டும். எக்செல்லை நான் விட்டுவிடவில்லை. கடைசி ஸ்பிரிங்க்ளரிலிருந்து தொட்டி வரை ஒரே ஒரு பாதையை அதில் தனியாகப் போட்டு, மென்பொருள் சொன்ன அழுத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறேன்.