ப்ளக்கா, மஃப்பா, எலெக்ட்ரானிக்கா? துப்பாக்கி சுடப் போகிறவர்கள் காதுக்கு எதை வாங்கலாம்

ரைஃபிள் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் எந்தத் துப்பாக்கி, எந்த ஜாக்கெட் என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். காதுக்கு என்ன வாங்கினீர்கள் என்று கேட்டால் "அங்கேயே ஏதாவது இருக்கும்" என்கிறார்கள். கேட்கும்போதே பதறுகிறது. ஆரம்பத்தில் சில மாதம் வெறும் பஞ்சை அடைத்துக்கொண்டு சுட்டவன் நான், என் இடது காதில் இன்றும் ஓயாத ரீங்காரம் இருக்கிறது. வலது தோளில் ரைஃபிளை வைத்தால் வலது காது கொஞ்சம் மறைந்துகொள்ளும், இடது காது குழல்வாய்ப் பக்கம் திரும்பி நிற்கும், அதனால் அடி பெரும்பாலும் இடதுக்குத்தான்.

சின்ன ரகமான பாயிண்ட் டூ டூ (.22) ரைஃபிளே சுமார் 140 டெசிபல். திடீர் வெடிச்சத்தத்துக்குப் பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கும் உச்ச வரம்பும் அதே 140தான். 12 போர் துப்பாக்கி, 9 மி.மீ. பிஸ்டல் எல்லாம் 150ஐத் தாண்டும், 10 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. உட்காதின் மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை.

காதுத் துளைக்குள் செருகும் நுரை அடைப்பான ஃபோம் ப்ளக்கில் தொடங்கலாம். விலை மிகக் குறைவு, என்ஆர்ஆர் என்ற தடுப்பு அளவு 29 முதல் 33 வரை, காகிதத்தில் பார்த்தால், மெத்தை வைத்த கிண்ணங்களால் காதை வெளியே மூடும் மஃப்களில் பெரும்பாலானவற்றை விட இதுதான் மேல். ஆனால் அந்த எண் சரியாகச் செருகினால்தான் கிடைக்கும், ரேஞ்சில் நான் பார்ப்பதில் பாதிப் பேருக்கு ப்ளக் காதுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. மெல்லிய குச்சி போல உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலே பின்னால் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடிக்க வேண்டும். அப்புறம் இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திப் பாருங்கள். சத்தம் இன்னும் குறைந்தால் ப்ளக் சரியாக உட்காரவில்லை, எடுத்துவிட்டு மறுபடி செருகுங்கள்.

சாதாரண மஃப்பில் இந்தத் தொல்லை இல்லை, மாட்டினால் முடிந்தது. 3எம் பெல்டர் எக்ஸ்5ஏ மாதிரி பெரிய கிண்ணம் உள்ளதற்கு என்ஆர்ஆர் 31. அதே மஃப்புக்கு ஐரோப்பிய முறையில் எஸ்என்ஆர் 37 என்று போட்டிருப்பார்கள், இரண்டும் வேறு வேறு கணக்கு, ஒரு பெட்டியின் எஸ்என்ஆரை இன்னொன்றின் என்ஆர்ஆரோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். மஃப்புக்கு எதிரி மூக்குக் கண்ணாடி. கண்ணாடிக் கம்பி தடிமனாக இருந்தால் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விழுந்து சத்தம் நுழையும், பெரிய தோடும் ஜிமிக்கியும் அதையே செய்யும். நம் ஊர் வெயிலில் வியர்வை வேறு. ஷாட்கன்காரர்களுக்கு இன்னொரு சிக்கல்: துப்பாக்கியைக் கன்னத்தில் ஒட்டும்போது கிண்ணம் ஸ்டாக்கில், அதாவது துப்பாக்கியின் பின்கட்டையில், இடித்து மஃப் நகர்ந்துவிடும். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ட்ராப் போட்டிக்காரர்களுக்கு ப்ளக்தான் சரி, அடிக்கடி சுடுகிறவரானால் காது அச்செடுத்துச் செய்த ப்ளக்குக்குச் செலவழிப்பது வீண் இல்லை.

எலெக்ட்ரானிக் மஃப் மைக் வழியாகப் பேச்சை உள்ளே விட்டு, வெடிச்சத்தம் வந்ததும் ஒலிபெருக்கத்தை நிறுத்திவிடும். கோச் சொல்வது கேட்க மஃப்பைத் தூக்கும் பழக்கம் போகும், மஃப்பைத் தூக்கிய அந்த நொடியில் பக்கத்து லேனில் ஒருவர் சுட்டால் காது கெட்டுவிடலாம். பேட்டரி தீர்ந்தாலும் சாதாரண மஃப்பாக வேலை செய்யும். ஆனால் பலரும் வாங்கும் ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட்டின் என்ஆர்ஆர் 22தான், கூரையும் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கிற உள்ளரங்கில் அது மட்டும் போதாது. தவிர, சர்வதேச துப்பாக்கி சுடுதல் விதிகளில் ஒலி வாங்கும் கருவி பொருத்திய காதுக் கவசம் போட்டியாளர்களுக்கு அனுமதி இல்லை. எலெக்ட்ரானிக்கிலேயே பழகிவிட்டுப் போட்டியன்று திணறாமல், ஒரு மாதம் முன்பே மாறிக்கொள்ளுங்கள். சத்தம் குறைக்கும் பாட்டு ஹெட்போன் இதற்கு ஆகவே ஆகாது.

நான் செய்வது, யார் கேட்டாலும் சொல்வது: உள்ளே ஃபோம் ப்ளக், மேலே எலெக்ட்ரானிக் மஃப், அதன் வால்யூமைக் கூட்டிவைத்தால் ப்ளக்கையும் தாண்டி, சுடு, நிறுத்து என்று ரேஞ்சில் சொல்லும் கமாண்ட் கேட்கும். 30ம் 22ம் சேர்ந்து 52 ஆகிவிடாது, பெரிய எண்ணோடு 5 டெசிபல் கூடுவதாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று சரியாக உட்காராத நாளில் இன்னொன்று காக்கும், எனக்கு அது போதும். பணம் இடிக்கிறதா, சரி, ப்ளக்கும் சாதாரண மஃப்பும் வாங்குங்கள், கமாண்டுக்குக் கை சைகை வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெரியவர்களுக்கான ஃபோம் ப்ளக் சின்னக் காதுத் துளைக்குள் போகாமல் பாதியில் நின்றுவிடும், அவர்களுக்குச் சிறிய அளவு ப்ளக்கோ தலைக்குப் பொருந்தும் மஃப்போ வாங்குங்கள். யாருடைய மஃப்பானாலும் மெத்தை விரிசல் விட்டுக் கெட்டியானால் மெத்தையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பல மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கிறது.