டபராவும் பீங்கான் கப்பும்: காப்பியில் கடையின் சொல் எதுவரை, குடிப்பவர் சொல் எதுவரை

போன மாசம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து பெரியப்பா கோயமுத்தூர் வந்திருந்தார். வந்த வேலை முடிந்ததும், ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு காப்பிக் கடைக்கு ஆசையாகக் கூட்டிப் போனேன். கப் வந்தது. மேலே நுரையில் ஓர் இலை வரைந்திருந்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுப் பெரியப்பா கடைத் தம்பியிடம் கேட்டார்:

“ஏனுங் தம்பி, ஆறிப்போயிருக்குதே, கொஞ்சம் சூடு பண்ணித் தர்றீங்களா?”

“இதுக்கு மேல சூடு பண்ணுனா பாலோட ருசி போயிருமுங்கய்யா.”

“சரி, ஒரு அரை ஸ்பூன் சக்கரை?”

“நாங்க சக்கரை வைக்கறதே இல்லீங்க.”

பெரியப்பா மறுபேச்சுப் பேசவில்லை. பாதிக் கப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஊர் திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் வண்டியை நிறுத்தினோம். “சக்கரை கம்மியா ஒரு காப்பி” என்றார். கொதிக்கக் கொதிக்க வந்தது, ஆனால் பாயசம் மாதிரி இருந்தது. பால் பாத்திரத்திலேயே சர்க்கரையைக் கொட்டிக் காய்ச்சி வைத்திருந்தார்கள். கம்மியாகக் கொடுக்க அவர்களிடம் வழியே இல்லை. அந்த டம்ளரும் பாதியில் நின்றது.

இந்த இரண்டு பாதிகளும் மனதை விட்டுப் போகவில்லை. இதற்கு நடுவே அக்கா மகன் ஈரோட்டில் பெருந்துறை ரோட்டில் 12 பேர் உட்காருகிற அளவுக்கு ஒரு காப்பிக் கடை போடப் போகிறான். “சுத்தமான காப்பி மட்டும் விக்கிற கடையாப் போடட்டுங்களா மாமா, இல்ல ஜனங்க கேக்கறதைக் குடுக்கற கடையாவா?” என்று வாரம் ஒருமுறை கேட்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிக்கரி

பெரிய சண்டை இங்கேதான். சுத்தம் பார்ப்பவர்கள், அதாவது வேறெதுவும் கலக்காத காப்பிதான் வேண்டும் என்பவர்கள், சொல்வது எல்லாமே உண்மை. சிக்கரி ஒரு செடியின் வேர். அதை வறுத்துப் பொடித்தால் காப்பி நிறம் வரும், கசப்பும் கொஞ்சம் கருகிய இனிப்பும் வரும். கஃபீன் துளியும் கிடையாது. 1806இல் நெப்போலியன் பிரிட்டனோடு வணிகத்தைத் தடுத்து, ஐரோப்பாவுக்குக் காப்பி வருவது குறைந்தபோது, பிரான்சில் காப்பிக்குப் பதிலாக மக்கள் தேடிப் போன பொருள் அது. காப்பியை விட மலிவு. ஆகவே கலப்படம் என்கிறார்கள்.

ஆனால் அவர்கள் பார்க்காமல் விடுவது பாலை. நல்ல காப்பித்தூளில் தண்ணீரில் கரையக்கூடியதே ஏறக்குறைய 30 சதவீதம்தான். அதிலும் தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை இறக்கினால்தான் ருசி சரியாக இருக்கும் என்பது அந்தத் தொழிலில் ஊறியவர்களின் கணக்கு. சிக்கரி அப்படியில்லை, பாதிக்கு மேல் கரைந்துவிடும். அதனால்தான் சிக்கரி கலந்த டிகாஷன் கெட்டியாக இறங்குகிறது, டம்ளர் நிறையப் பால் ஊற்றினாலும் காணாமல் போவதில்லை.

வீட்டில் நானே போட்டுப் பார்த்தேன். ஒரே ஏற்காடு அராபிகா ரகக் காப்பிக்கொட்டை, ஒரே பால். ஒன்று வெறும் காப்பி, இன்னொன்று 80 காப்பிக்கு 20 சிக்கரி. பால் இல்லாமல் குடித்தபோது முதலாவதில் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு வாசம், அவ்வளவு அழகு. இரண்டாவதில் அந்த வாசம் கசப்புக்குள் போய்விட்டது. பால் சேர்த்ததும் நிலைமை தலைகீழ். முதலாவது கழுநீர் மாதிரி ஆகிவிட்டது, இரண்டாவது நின்று பேசியது. என் தீர்ப்பு இதுதான்: கறுப்பாகக் குடிப்பவருக்கு சிக்கரி ஒரு சிட்டிகைகூட வேண்டாம். பால் காப்பிக்கு 20 சதவீதம் வரை தாராளமாகப் போடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெட்கப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. காப்பி சிக்கரிக் கலவை என்று விற்க வேண்டுமானால் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, எவ்வளவு காப்பி எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். நம் ஊர்களில் காப்பி வறுத்து அரைக்கும் கடைக்குப் போனால், “பீபெரி எத்தனை, ஏ எத்தனை, சிக்கரி எத்தனை போடட்டுங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் மிஷினில் கொட்டுவார்கள் (பீபெரி, ஏ என்பவை காப்பிக்கொட்டையின் தரங்கள்). வாங்குகிறவர் கண்ணெதிரே அளந்து, அவர் சொன்ன கணக்கில் அரைத்துத் தருகிறார்கள். டம்ளரில் ஊற்றிக் கொடுக்கும் கடைகளில்தான் இந்தக் கணக்கு மறைந்துவிடுகிறது. 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் உலகச் சந்தையில் காப்பி விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனபோது, 20 என்பதை 40 ஆக்கிவிட எந்தக் கடைக்காரருக்கும் மனம் சபலப்படும். நாக்குக்குச் சட்டென்று தெரியாது. அதனால் மருமகனிடம் சொன்னேன்: “விகிதம் உன் இஷ்டம், ஆனா அதைப் பலகையில எழுதி மாட்டு. ‘80 காப்பி, 20 சிக்கரி’ன்னு பெரிய எழுத்துல.”

சூடு

பெரியப்பாவிடம் அந்தத் தம்பி சொன்னதில் பொய் இல்லை. நீராவியில் நுரைக்கும் பாலை 60 முதல் 65 டிகிரிக்குள் நிறுத்துகிறார்கள். அந்தச் சூட்டில்தான் பாலின் இயல்பான இனிப்பு நாக்குக்கு நன்றாகத் தெரியும், நுரையும் பட்டுப்போல நிற்கும். 70ஐத் தாண்டினால் நுரை உடையும், காய்ச்சின பாலின் வாசம் வந்துவிடும். அந்த வாசத்தை அவர்கள் குறை என்கிறார்கள்.

நாம் அந்த வாசத்திலேயே வளர்ந்தவர்கள். பொங்கி இறக்கின பாலில்தான் நம் காப்பி. பெரியப்பாவுக்கு 65 டிகிரிக் காப்பி என்பது ஆறின காப்பிதான், அதை யாரும் அவருக்கு வாதம் பண்ணிப் புரியவைக்க முடியாது.

இங்கேதான் டபராவின் அருமை எனக்குப் புரிந்தது. டம்ளரில் காப்பி கொதிநிலைக்குப் பக்கத்தில் வருகிறது. எவ்வளவு ஆற்றுவது என்பது குடிப்பவர் கையில். அவசரக்காரர் நாலு ஆற்று ஆற்றி மடக்கென்று குடித்துவிட்டு பஸ் ஏறுவார், என் அம்மா ஒரே ஒரு தடவை ஊற்றிக்கொண்டு அரைமணி நேரம் பேசிக்கொண்டே குடிப்பார். ஆற்றும்போதே நுரை வருகிறது, அடியில் கிடக்கும் சர்க்கரை கரைகிறது, சூடும் அவரவர் கணக்குக்கு இறங்குகிறது. கடை செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, மீதியைக் குடிப்பவரிடம் ஒப்படைக்கிற பாத்திரம் அது. பீங்கான் கப்பில் இந்த இடமே இல்லை. சூட்டைக் கடை முடிவு செய்து மூடிவிட்டது. மேலே வரைந்த இலையைக் கலைக்கக்கூட மனம் வராது.

எனவே பால் காப்பிக்கு டபரா டம்ளர். நுரைத்த பால் காப்பி வேண்டும் என்பவருக்குப் பீங்கான் கப், கூடவே ஆர்டர் எடுக்கும்போதே “இது மிதமான சூட்டுலதான் வருமுங்க, நல்லாச் சூடா வேணுமுங்களா?” என்று ஒரு கேள்வி. கேட்டால் நுரை கொஞ்சம் கெடட்டும், சூடாகக் கொடு என்றேன். மருமகனுக்கு முகம் சுருங்கியது. அவன் அந்த நுரையைக் கற்றுக்கொள்ளப் பெங்களூர் வரை போய் வந்தவன். அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது.

சர்க்கரை

லேசாக வறுத்த அராபிகாவைக் காகித வடிகட்டியில், 1 பங்கு தூளுக்கு 16 பங்கு தண்ணீர், 92 முதல் 96 டிகிரிக்குள் ஊற்றி இறக்கினால் கிடைப்பது நாம் அறிந்த காப்பியே அல்ல. பழப் புளிப்பு இருக்கும், பூ வாசம் இருக்கும். அதில் 2 ஸ்பூன் சர்க்கரை கொட்டுவது எனக்கும் பிடிக்காது. “முதல் ஒரு வாய் மட்டும் சும்மா குடிச்சுப் பாருங்க” என்று கடைக்காரர் சொல்வது நல்ல வார்த்தை. ஏற்காட்டிலும் வால்பாறையிலும் விளைகிற காப்பியின் ருசி இன்னதென்று எனக்கே அப்படித்தான் தெரிய வந்தது.

ஆனால் கடையில் சர்க்கரையே வைக்காமல் இருப்பது எந்தக் காப்பிக்கும் நியாயமில்லை. மிஷின் அழுத்தத்தில் கெட்டியாக இறக்குகிற எஸ்பிரெசோ காப்பி பிறந்த இத்தாலியிலேயே நிறையப் பேர் சர்க்கரை போட்டுக் கலக்கித்தான் குடிக்கிறார்கள்.

பேக்கரிப் பக்கம் போனால் குற்றம் நேர் எதிரானது. ‘ஜனங்க கேக்கறதைக் குடுக்கறோம்’ என்கிற அந்தக் கடை, யாரையும் கேட்காமலே எல்லாருக்கும் ஒரே இனிப்பைக் கொடுக்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொல்கிறது. அவர்களில் காப்பிக் கடைக்கு வராதவர் எத்தனை பேர் இருப்பார்கள்? “வித்அவுட்” என்று கேட்டால் தனியாகப் பால் காய்ச்சணும் என்று முகம் சுளிக்கிற கடை, வருகிறவரின் விருப்பத்தை மதிக்கிற கடை இல்லை. இந்த விஷயத்தில் பேக்கரி மேல்தான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் அங்கே உடம்பு கெடுகிறது.

நாட்டுச் சர்க்கரை மட்டும் போடும் கடைகளும் நம் பக்கம் நிறைய வந்துவிட்டன. கவுந்தப்பாடி நம் பக்கத்திலேயே இருக்கிறது, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் சர்க்கரை போகிறது, ருசியும் அருமை. கொதிக்கிற பாலில் போட்டால் திரிந்துவிடும், இறக்கி வைத்து டம்ளரில் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ‘சர்க்கரை நோயாளிகளும் குடிக்கலாம்’ என்று சில இடங்களில் சொல்கிறார்களே, அது தப்பு. நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பகுதி அதே கரும்பு இனிப்புதான். கிண்ணத்தில் இரண்டு வகையும் தனித்தனியாக வை, போட்டுக்கொள்வது அவர்கள் பாடு என்று சொல்லிவிட்டேன்.

மற்றவை பெரிதாகப் பேச வேண்டியதில்லை. கொட்டை வறுத்த தேதி, அன்றன்றைக்கு அரைப்பது, காலையில் இறக்கின டிகாஷனை மத்தியானம் வரை ஓட்டாமல் இருப்பது, பாலில் தண்ணீர் சேர்க்காமல் இருப்பது எல்லாம் கடையின் பொறுப்பு. சுத்தம் பார்க்கும் கடைகள் இவற்றில் பேக்கரியை விட எவ்வளவோ மேல், அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். வருகிறவர் “பரவாயில்லைங்க” என்றாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இவற்றை அவரால் டம்ளரில் பார்க்க முடியாது.

ஒன்றே ஒன்றில் இன்னும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. பார்சல். எதிரே இருக்கும் ஆபீஸ்களிலிருந்து பேப்பர் கப்பில்தான் கேட்பார்கள் என்கிறான். பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி சுடுதண்ணீர் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு கண்டிருக்கிறது. “நீங்களே கேக்கறவங்க இஷ்டம்னு சொல்லிட்டு இப்பக் கூடாதுங்கறீங்களே மாமா” என்று மடக்குகிறான். இதைக் குடிப்பவர் டபராவில் ஆற்றிச் சரிசெய்துகொள்ள முடியாதே கண்ணு என்றேன். ஆளுக்கொரு டம்ளர் கொண்டு வரட்டும், இல்லையென்றால் ஆபீசுக்கு ஒரு தூக்குப்போசி அனுப்பட்டும், நிறைய ஊற்றி அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். போசிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். பேப்பர் கப் விற்கிறவரிடமும் விலை கேட்டு வைத்திருக்கிறான்.