டிவிக்கு இணையம்: லேன் கேபிளா, வைஃபையா?

பைபர் இணைப்பு வந்ததும் டிவிக்கு ஒயர் இழுப்பதா வேண்டாமா என்று பல்லடம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டேன்.

செலவு
வைஃபை: தனியாக எதுவும் இல்லை.
கேபிள்: கேட்-6 ஒயர் (லேன் கேபிளில் ஒரு வகை), இரண்டு முனைக்கும் ஆர்ஜே-45 பின் (சொருகும் முனை), சுவரில் ஒரு துளை.

வேகம்
4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம், இரண்டுமே தரும். பல டிவிகளில் கேபிள் சொருகும் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். அதைப் பார்த்து கேபிள் மட்டம் என்று முடிவு கட்டாதீர்கள்.

தடங்கல்
முக்கியமான இடம் இதுதான். எங்களுடையது ஒன்றரை அடிச் சுவர் வைத்த பழைய ஓட்டு வீடு. ரவுட்டர் ஆசாரத்தில் (முன் கூடத்தில்), டிவி உள் அறையில். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் உண்டு, சுவரைத் தாண்டும் தெம்பு குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டி வரும்; ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில் நெருக்கும். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வந்தால் திரையில் வட்டம் சுற்றும். கேபிள் போட்ட அன்றே அது நின்றது.

யாருக்கு எது
வாடகை வீடு, ரவுட்டரும் டிவியும் ஒரே அறை: 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை போதும்.
கனத்த சுவர், மாடி வீடு, தோட்டத்துச் சாளை (தோட்டத்தில் கட்டிய வீடு): கேபிள்தான். 100 மீட்டர் வரை ஒரே இழுப்பில் விடலாம். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் சேர்த்து விடாதீர்கள்.